ஃபேர்லேண்ட்ஸ் நியாயஸ்தலம்

சேலம் நகரில் நியாயஸ்தலங்கள் எத்தனை என்று கேட்டால் வக்கீல்கள் உடனே கணக்குச் சொல்லுவர். அவர்கள் கணக்கில் ஏறாத நியாயஸ்தலம் ஒன்று ஃபேர்லேண்ட்ஸில் இருக்கின்றது. அதற்குக் கட்டடமோ, கூண்டோ, டவாலி தரித்த சேவகனோ கிடையாது. ஒரு வேப்பமரம், அதன் கீழ் இரண்டு பெஞ்சுகள், பக்கத்தில் தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டி ஒன்று. இவ்வளவே அதன் சொத்து. (வெளியூர் நேயர்கள் பொருட்டு ஒரு வார்த்தை: தட்டுவடை செட் என்பது இரண்டு சிறு தட்டுவடைகளின் நடுவே துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தருவது. சேலத்தை விட்டால் அதன் சுவை கெட்டுவிடும் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம்.) மாலை ஆறரை மணிக்கு மேல் இந்த நியாயஸ்தலம் கூடும். வாதிகள் வருவதில்லை, பிரதிவாதிகளும் வருவதில்லை. ஆயினும் வாதம் ஒருநாளும் நின்றதில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் முன்னாளில் தோட்டஞ் சூழ்ந்த தனி வீடுகளுக்குப் பெயர்போன பகுதி. இப்பொழுது வைத்தியசாலைகளும் இரத்தம் சோதிக்கும் நிலையங்களும் உணவு விடுதிகளும் நெருங்கிவிட்டன. என்றாலும் மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் வடக்கே நோக்கினால் சேர்வராயன் மலை நீலமாய்த் தோன்றும். அம்மலையை நோக்கியிருக்கும் பெஞ்சு வயதில் மூத்தவர்களுக்கு உரியது. அதில் நடுநாயகமாய் வீற்றிருப்பவர் சேலம் கோர்ட்டில் நெடுங்காலம் குமாஸ்தாவாயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவரைக் கோர்ட்டு ஐயா என்றே அனைவரும் அழைப்பர். மருந்துக் கடைக்காரர் ஒருவர் அவருக்கு வலப்பக்கம். பெங்களூரில் கம்பெனி வேலையிலிருந்து சனி ஞாயிறுகளில் மட்டும் வந்து சேரும் அண்ணன் ஒருவர் மற்றப் பெஞ்சில். அவருடன், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். இவர் இங்கிலாந்து தேசத்துச் செல்ஸீ என்னும் கால்பந்துக் கிளப்பினிடத்தில் மாறாத பக்தி பூண்டவராதலின் லண்டன் தம்பி என்ற பட்டம் பெற்றவர். யான் பள்ளிப் பிள்ளையாயிருந்த நாள்தொட்டு அப்பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வாய் திறக்கும் உரிமை கல்லூரியில் சேர்ந்த பின்னரே கிடைத்தது.

இந்த நியாயஸ்தலத்தில் பன்னெடுநாள் நடந்த வழக்கு, சேப்பாக்கம் மைதானத்தின் ஐ, ஜே, கே என்னும் மூன்று கேலரிகளைப் பற்றியது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின்மேல் அபிமானமுள்ளவர்கள் எவரும் அம்மூன்று எழுத்துக்களை மறந்திரார். 2011-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிகளை முன்னிட்டு, பழைய மைதானம் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டது. கடற்காற்று உள்ளே வரும்படி இடைவெளி விட்டு, வெண்ணிறக் கூடார விதானம் போர்த்த புதிய கேலரிகள் எழுந்தன. அவற்றுள் இம்மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 12,000 பேர் உட்காரலாம். ஆனால் கட்டட விதிகளின்படி பெறவேண்டிய அநுமதியும், சுற்றிலும் விடவேண்டிய வெளியும் பற்றித் தகராறு நேர்ந்தது. பக்கத்திலே 1846-ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கட்டடம் நின்றது. அக்கட்டடம் போனாலன்றி வெளியில்லை, வெளியில்லாமல் அநுமதியில்லை. மாநகராட்சி ஒருபுறமும், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் ஒருபுறமும், கிளப்பு ஒருபுறமுமாக வழக்கு ஹைகோர்ட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. 2012 முதற்கொண்டு கேலரிகள் பூட்டிக் கிடந்தன. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்குங்கால், மஞ்சட் கடலாய் அலைமோதும் ஜனத்திரளின் நடுவே அந்த மூன்று பகுதிகள் மட்டும் பல் விழுந்த வாய்போல் வெறுமையாய்க் கிடக்கும்.

பூட்டிய கேலரிகள் எங்களுக்கு என்ன கெடுதி செய்தன என்று கேட்கலாம். சேலத்திலிருந்து சென்னை 340 கிலோமீட்டர் தூரம். எங்கள் பெஞ்சில் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் சேப்பாக்கத்தை வெளியிலிருந்துகூடக் கண்டதில்லை. எனினும் 2019-ஆம் ஆண்டில் அந்தக் கெடுதி எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியாட்டம், முந்திய ஆண்டின் கோப்பையை வென்ற அணியின் ஊர் என்ற முறையில் சென்னைக்கு வரவேண்டியது. மூன்று கேலரிகளைத் திறக்கும் அநுமதியைச் சங்கத்தார் பெற இயலாமற் போகவே, ஆட்டம் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. மே 12-ஆம் தேதி இரவு மும்பை அணி 149 ஓட்டங்கள் எடுத்தது. முழங்காலில் இரத்தம் கசியக் கசிய வாட்ஸன் 80 ஓட்டங்கள் எடுத்தார். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் வேண்டியிருக்க, மலிங்கா வீசிய பந்து காலில் பட்டு ஆட்டக்காரர் வெளியேறினார். ஒரே ஒரு ஓட்டத்தில் கோப்பை போயிற்று.

யான் அப்பொழுது பதின்மூன்று வயதுச் சிறுவன். மறுநாள் மாலை எங்கள் நியாயஸ்தலம் கூடிய விதத்தை இன்றும் என்னால் விவரிக்கக்கூடும். மருந்துக் கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருந்தார். "சேப்பாக்கத்தில் ஆடியிருந்தால் அந்த ஒரு ஓட்டத்தைக் கூட்டத்தின் கூச்சலே எடுத்துக் கொடுத்திருக்கும், அந்த உடற்பயிற்சிக் கட்டடந்தான் நம்மைத் தோற்கடித்தது" என்பது அவர் வாதம். பெஞ்சு முழுவதும் அவ்வாதத்தை ஆமோதித்தது. யார் யாரைத் தூண்டிவிட்டு அநுமதியைத் தடுத்தார்கள் என்பதைப் பற்றி நேரில் கண்டவர்போல் பேசியவர்களும் இருந்தனர். அப்பேச்சுக்களை இங்கே எழுதுவது தகாது. எழுதத்தக்க ஆதாரம் எதுவும் அவற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கோர்ட்டு ஐயா மட்டும் தலையாட்டவில்லை. அவர் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருப்பவர். அதைப் பிரித்துக்கொண்டு, "ஏப்ரல் 26-ஆம் தேதி மும்பையாரோடு எங்கே ஆடினோம், கண்ணு?" என்று கேட்டார். சேப்பாக்கத்தில் என்றோம். "முடிவு?" 46 ஓட்டங்களில் தோல்வி. "மே 7-ஆம் தேதி?" அதுவும் சேப்பாக்கமே, ஆறு விக்கெட்டுத் தோல்வி. "ஒரே வருஷத்தில் அதே மைதானத்தில் அதே எதிரியிடம் இருமுறை தோற்றவர்கள், மூன்றாம் முறை அங்கே ஆடியிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்பதற்குச் சாட்சி யார்?" என்று புத்தகத்தை மூடினார். சாட்சி யாரும் முன்வரவில்லை.

அக்கேள்வியின் நியாயத்தைப் பிற்காலத்தில் யான் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். நமது அணி இதுகாறும் வென்ற கோப்பைகள் ஐந்து. 2010-இல் மும்பைப் பக்கத்திலும், 2018-இல் மும்பையிலும், 2021-இல் துபாயிலும், 2023-இல் அகமதாபாத்திலும் வென்றது. சேப்பாக்கத்தில் வென்றது 2011-ஆம் ஆண்டில் மட்டுமே. அடுத்த ஆண்டே அதே சேப்பாக்கத்தில் இறுதியாட்டத்தில் கொல்கத்தாவிடம் தோற்றது. இன்னும் விசேஷம், 2018-ஆம் ஆண்டில் நேர்ந்தது. காவேரிக் கிளர்ச்சியின் காரணமாகச் சென்னையில் ஓர் ஆட்டம் ஆடிய அளவிலே, மற்ற சொந்த மைதான ஆட்டங்கள் யாவும் பூனாவுக்கு மாற்றப்பட்டன. வீடிழந்தவர்போல் திரிந்த அவ்வாண்டிலேதான் கோப்பை கிடைத்தது. ஆகவே மைதானம் வெற்றி தருகிறது என்ற வாதம் நிற்காது. மருந்துக் கடைக்காரரும் இதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு அவர் கூறிய சொல்லே வழக்கின் உயிர்நிலையைத் தொட்டது. "தோற்பதானாலும் நம்ம வீட்டில் தோற்கவேண்டுமுங்க, ஐயா" என்றார்.

நம்ம வீடு! அந்த வீடு யாருடையது? நிலம் சர்க்காருடையது. சங்கத்தார் குத்தகைதாரர். கிளப்பார் அவர்களுக்கும் முந்தியவர்கள். அணி ஒரு கம்பெனிக்குச் சொந்தம். கட்டட விதி மாநகராட்சியின் கையில். இத்தனை பேருடைய பெயரும் வழக்குக் கட்டுகளில் ஏறியிருக்கும். 1934-ஆம் ஆண்டில் அங்கே டெஸ்டு ஆட்டம் நடந்தது முதல், 1952-இல் இந்தியா தனது முதல் டெஸ்டு வெற்றியை அங்கே பெற்றது முதல், வெயிலில் குந்தியிருந்து கைதட்டிய லட்சோபலட்சம் ஜனங்களின் பெயர் எந்தக் கட்டிலும் இல்லை. இதைக் கோர்ட்டு ஐயாவினிடம் முறையிட்டபொழுது, அவர் சட்டத்தை விளக்கினார். பொதுநல வழக்கென்று ஒன்று உண்டு. அதை யாரும் தொடுக்கலாம். ஆனால் பொதுநலமென்று காட்டவேண்டியது ஜனங்களின் க்ஷேமத்தையே ஒழிய, ஒரு அணியின்மேல் நமக்குள்ள பிரியத்தை அன்று. டிக்கெட்டு வாங்கியவன் நுகர்வோன் என்ற முறையில் ஏதேனும் கேட்கலாம். டிக்கெட்டும் வாங்காமல் 340 கிலோமீட்டருக்கு அப்பால் தட்டுவடை தின்பவனுக்குச் சட்டத்தில் பெயரே கிடையாது.

இவ்விடத்தில் லண்டன் தம்பி வழக்கைக் கடல் கடத்திக்கொண்டு போனார். தமது செல்ஸீக் கிளப்பின் மைதானமாகிய ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் ஏறத்தாழ 41,000 பேரே கொள்ளும் என்றும், அதை இடித்து 60,000 பேர் அமரும் புதிய மைதானம் எழுப்பக் கிளப்பார் கருதினர் என்றும், அவ்வூர் மன்றம் 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் அநுமதியும் அளித்தது என்றும் விவரித்தார். கொலுசுக்கு முத்து வைக்கும் நுண்மையோடு அவர் அந்தச் சித்திரத்தை வர்ணிப்பதைக் கேட்டால், கட்டாத மைதானம் கண்முன்னே நிற்கும். ஆனால் பக்கத்திலே நெடுங்காலமாய் வாழ்ந்த ஒரு குடும்பத்தார், அம்மைதானம் எழுந்தால் தங்கள் வீட்டுச் சாளரங்களில் வெளிச்சம் படாது என்று சொல்லிக் கோர்ட்டில் தடையுத்தரவு வேண்டினர். கோடிக்கணக்கான பவுன் பெறுமான வேலை, ஒரு வீட்டின் வெயிலுக்காகத் தயங்கி நின்றது.

இதைக் கேட்டதும் எங்கள் பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. சேப்பாக்கத்து உடற்பயிற்சிக் கட்டடத்தைச் சபித்த அதே வாய்கள், லண்டன் குடும்பத்தாரைச் சபிக்க எழவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருந்த பழைய தனி வீடு விலைப்பட்டு, அங்கே ஆறடுக்குக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. என் பாட்டி முற்றத்தில் வடாம் பிழிந்து காயவைக்கும் இடத்தில் மார்கழி தை மாதங்களில் வெயில் வருவது நின்றுபோயிற்று. மாடியில் காயவைக்கலாமே என்பார்க்கு, எண்பது வயதில் மாடிப்படி ஏறுவதன் வருத்தம் தெரியாது. கோர்ட்டு ஐயா அதை அறிவார். "இங்கேயும் சட்டம் இருக்கிறது, தம்பி. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்டு சட்டம். முதன்முதலே நம் மெட்ராஸ் ராஜதானிக்கும் பொருந்திய சட்டம். ஒரு கட்டடத்துக்குள் இருபது வருஷம் இடையூறில்லாமல் வந்த வெளிச்சமும் காற்றும் பாத்தியமாகிவிடும்" என்றார். அப்படியானால் வழக்குத் தொடுக்கலாமா என்று ஆவலோடு கேட்டேன். அவர் சிரித்தார். "சட்டம் சொல்வது ஜன்னலைப் பற்றி. வடாம் காயும் முற்றத்தைப் பற்றி அல்ல." பாட்டியிடம் இத்தீர்ப்பைச் சொன்னபொழுது, ஜன்னலில் யார் வடாம் போடுவார்கள் என்று கேட்டாள்.

லண்டன் வழக்கின் முடிவும் விசித்திரமானது. ஊர் மன்றத்தார் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொண்டு, அக்குடும்பத்தாரின் தடையுத்தரவு செல்லாதபடி அவ்விடத்தின் உரிமைகளைத் தாம் எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தனர். நஷ்டஈடு கேட்கலாம், வேலையைத் தடுக்கலாகாது. வழி திறந்துவிட்டது என்று லண்டன் தம்பி மகிழ்ந்திருந்தார். அவ்வாண்டு மே 31-ஆம் தேதி, முதலீட்டுக்கேற்ற சூழ்நிலை இல்லையென்று சொல்லிக் கிளப்பே அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. அநுமதியின் கெடு 2020-ஆம் ஆண்டில் தீர்ந்துபோயிற்று. ஆக, வெளிச்சமும் போகவில்லை; மைதானமும் வரவில்லை.

அவர் சொன்ன மற்றொரு செய்தி என் மனத்தை விட்டு அகலாதது. செல்ஸீ மைதானத்தின் நிலம் கட்டட வியாபாரிகளின் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் ஒருகாலத்தில் இருந்தது. அதனால் 1993-ஆம் ஆண்டில் ரசிகர்கள் பங்கு வாங்கிச் சேரும் கம்பெனி ஒன்று ஏற்பட்டது. பங்கு ஒன்றுக்கு நூறு பவுன். அக்கம்பெனி 1997-இல் மைதான நிலத்தின் முழு உரிமையையும் பெற்று, கிளப்புக்கே நீண்ட குத்தகைக்கு விட்டது. கிளப்பு வேறிடம் போய் ஆடினால் செல்ஸீக் கால்பந்துக் கிளப்பு என்ற பெயரை உடன் கொண்டுபோகக்கூடாது என்பதும் ஏற்பாடு. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில், நிலத்தைத் திருப்பித் தரும்படி கிளப்பார் கேட்டனர். அதன் சொந்தக்காரரோ உலகத்துப் பெருஞ் செல்வர்களுள் ஒருவர். ரசிகர்கள் கூடி வாக்களித்தனர். நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டியிருக்க, 61.6 பேரே இசைந்தனர். கோரிக்கை தோற்றது. ரஷ்ய தேசத்துக் கோடீசுவரர் ஒருவரின் விருப்பத்தை, தபால்காரரும் பள்ளி உபாத்தியாயரும் போன்றவர்கள் நூறு பவுன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடுத்துவிட்டார்கள்! இதை லண்டன் தம்பி கூறிய இரவு, பெஞ்சில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. தள்ளுவண்டிக்காரர் கூட அப்பளம் நொறுக்குவதை நிறுத்திவிட்டு, "அப்போ அங்கே ரசிகனுக்குப் பட்டா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பட்டா உள்ள ரசிகர் புதிய பெரிய மைதானம் வேண்டுமென்றே எப்பொழுதும் சொல்லுவர் என்று எண்ணுவது பிசகு. அவர்கள் பழைய இடத்தைக் காத்தார்கள். அதனால் டிக்கெட்டுக்கு வழியின்றி வெளியே நிற்பவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். நம் நாட்டில் பட்டா கிடைத்தால் நாம் என்ன செய்வோமோ, யான் அறியேன். சேலத்துக்கென்றும் வாழப்பாடிப் பக்கத்தில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணியில் சேர்ந்து பெயர் பெற்றபின், தமது ஊரிலேயே மைதானம் அமைத்தார். அவ்விரண்டையும்பற்றி எங்கள் பெஞ்சில் ஒரு வழக்கும் இல்லை. வழக்கில்லாத பொருளைப்பற்றி அங்கே நெடுநேரம் பேசுவதும் வழக்கமில்லை.

சேப்பாக்கத்து வழக்கு 2020-ஆம் ஆண்டில் ஒருவாறு தீர்ந்தது. உடற்பயிற்சிக் கட்டடம் அகற்றப்பட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடந்த இரண்டாவது டெஸ்டில், நோய்க்காலக் கட்டுப்பாட்டின்படி பாதி ஆசனங்களுக்கே ஜனங்களை விட்டபொழுது, அந்தக் கேலரிகளிலும் பல்லாண்டுகளுக்குப் பின் ஆட்கள் அமர்ந்தனர். சென்னைப் பிள்ளையாகிய அஸ்வின் அவ்வாட்டத்தில் நூறு அடித்ததை அவர்கள் நேரிற் கண்டனர். கட்டடம் ஒன்றை அகற்ற எட்டாண்டுகள் ஆகுமா? விதி சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்விதியை நிறைவேற்ற இத்தனை பெரிய சபைகள் எட்டாண்டுக் காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. இவ்விஷயத்தில் யான் மருந்துக் கடைக்காரர் கட்சி.

விதியைப்பற்றிய வாதம் அடங்கியது மட்டும் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். பெங்களூர் அணி பதினெட்டாண்டு காத்திருந்து கோப்பை வென்ற மறுநாள், 4-ஆம் தேதி, சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் ஜனங்கள் நெருக்குண்டு 11 பேர் மாண்டனர். எங்கள் பெங்களூர் அண்ணன் அன்று வேலை முடிந்து அங்கே போக எண்ணியவர். மெட்ரோ நிலையத்து நெரிசலைக் கண்டு பாதி வழியில் திரும்பியவர். அந்தச் சனிக்கிழமை பெஞ்சுக்கு வந்தார். வழக்கமாக இரண்டு செட் வாங்குபவர் ஒன்றும் வாங்கவில்லை. அவருடைய அலுவலகத் தோழர் ஒருவரின் தம்பி கூட்டத்தில் செருப்பை இழந்து, வெறுங்காலோடு நள்ளிரவில் அறைக்கு வந்து சேர்ந்ததை மட்டும் சொன்னார். கோர்ட்டு ஐயா தமது குறிப்புப் புத்தகத்தைப் பிரித்து, 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் கால்பந்து ஆட்டத்தில் கலகம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்ததை வாசித்தார். அவர் அதை எப்பொழுது எழுதி வைத்தார் என்று கேட்டேன். சேப்பாக்கத்தைப் பூட்டிய வருஷமே என்றார். பக்கத்து வெளி எத்தனை அடி என்று குமாஸ்தாக்கள் கேட்பதை எங்கள் பெஞ்சில் பிறகு எவரும் கேலி செய்ததில்லை.

அந்த வெளியை அவருடன் சென்று யான் நேரிற் கண்டது அதற்கு முந்திய ஆண்டில். 2024-ஆம் ஆண்டு யான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்தேன். அவருடைய மருமகனின் கம்பெனி வாயிலாக இரண்டு டிக்கெட்டுகள் கிடைத்தன. அவற்றில் அச்சிட்டிருந்த விலையை வீட்டில் கூறாதிருப்பதே நலம் என்று இருவரும் தீர்மானித்தோம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பிரயாணஞ் செய்து, பகலைச் சென்னையில் கழித்து, ஏப்ரல் 8-ஆம் தேதி மாலை வாலாஜா சாலையில் மஞ்சட் சட்டைகளின் வெள்ளத்தோடு நடந்தோம். ஆச்சரியமாக, எங்கள் ஆசனங்கள் அந்த மூன்று கேலரிகளுள் ஒன்றிலேயே இருந்தன.

ஐயா உடனே உள்ளே வரவில்லை. உடற்பயிற்சிக் கட்டடம் நின்ற இடம் எது என்று காவற்காரர் இருவரைக் கேட்டார். ஒருவர் கிழக்கே காட்டினார். மற்றவர் தாம் திருவள்ளூரிலிருந்து அன்று மட்டும் வேலைக்கு வந்தவர் என்றார். தரையில் அடையாளம் ஒன்றும் இல்லை. எட்டாண்டு வழக்கின் பொருள் அங்கே வெறுங் காற்றாய் இருந்தது. அதன் வழியே சிறுவர்கள் தின்பண்டக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தனர். பிறகு அவர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். ஆட்டம் தொடங்கியது. கொல்கத்தாவார் 137 ஓட்டங்களே எடுத்தனர். ஜடேஜா மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தியபொழுது எழுந்த ஆரவாரத்தில் காது அடைத்தது. கடற்காற்று முதுகில் பட்டது. ஐயா எழுந்து நின்று கைதட்டினார். எழுபத்திரண்டு வயதில் முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் கைதட்டுகிறேன் என்று என் காதருகே கூவினார். வழக்கு, விதி, சட்டம் எதுவும் அச்சமயம் அவர் முகத்தில் இல்லை.

நமது அணியார் ஏழு விக்கெட்டில் வென்றனர். வெற்றி ஓட்டத்தை அவர் பார்த்தாரா என்பது எனக்கு நிச்சயமில்லை. அதற்குள் கைக்கடியாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கேலரி காலியாக எத்தனை நிமிஷம் ஆகிறதென்று கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் கடைசியாய் இறங்கினோம். பதினொரு நிமிஷம் என்று குறித்துக்கொண்டார். அதிகமா குறைவா என்று கேட்டேன். "யாரும் தள்ளவில்லை, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இறங்கினார்கள். போதும்" என்றார்.

பெஞ்சில் இந்த வரலாற்றை நாங்கள் கூறியபொழுது, கேட்டவர்களில் அதிகம் மகிழ்ந்தவர் மருந்துக் கடைக்காரர். அவர் இன்னும் சேப்பாக்கம் போகவில்லை. தீபாவளிக் கணக்கு முடியட்டும் என்கிறார். எந்தத் தீபாவளி என்று சொல்லுவதில்லை. லண்டன் தம்பியோ சென்ற சில மாதங்களாகப் பட்டறைக் கூலியில் மிச்சம் பிடித்து வருகிறார். செல்ஸீ நிலக் கம்பெனியில் பங்கு ஒன்று வாங்கிவிடவேண்டுமென்பது அவர் சங்கற்பம். தாம் காணாத ஊரில், தாம் மிதியாத புல்லில், ஒரு சாணளவு தமக்கும் சேரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கோர்ட்டு ஐயா அதைத் தடுக்கவில்லை. "பத்திரம் தபாலில் வந்தவுடன் முதலில் என்னிடம் கொண்டுவா, கண்ணு. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.